பாக்ஸ் ஸ்கோர் படிப்பது எப்படி? கூடைப்பந்துப் புள்ளிவிவரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆட்டங்கள் சென்னைக்காரர்களுக்கு வசதியான நேரத்தில் நடப்பதில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் நமக்குக் காலை ஆறு மணி. மேற்குக் கரை ஆட்டம் என்றால் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அந்த நேரத்தில் நம்மில் பாதிப் பேர் கடற்கரை–தாம்பரம் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அதனால் இங்கே பலருக்கு ஆட்டம் என்பதே போனில் திறக்கும் ஒரு பட்டியல்தான். அந்தப் பட்டியலுக்குப் பெயர் பாக்ஸ் ஸ்கோர்.

திறந்ததும் கண் நேராக வலது ஓரத்துக்குப் போகும். யார் எத்தனை புள்ளி? 30 அடித்தவர் பெயரைப் பார்த்துவிட்டு, போனை மூடிவிடுவோம். கிரிக்கெட்டில் நாம் இப்படிச் செய்வதில்லை. இருபது ஓவர் ஆட்டத்தில் 55 பந்தில் 50 அடித்தவரை யாரும் கொண்டாட மாட்டார்கள். ரன்னுக்குப் பக்கத்திலேயே பந்தையும் பார்த்துப் பழகிவிட்டோம். கூடைப்பந்துக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். எந்த எண்ணைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்கு எத்தனை வாய்ப்பு செலவானது?

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு நிஜ ஆட்டத்தை வைத்தே போகலாம். 2016 என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஜூன் 19 அன்று ஓக்லாந்தில் நடந்தது. நமக்கு அது ஜூன் 20, திங்கட்கிழமை காலை. அந்த சீசனில் 73 வெற்றி, 9 தோல்வி என்று சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், தொடரில் 3–1 என்று முன்னிலையில் இருந்தும் கோப்பையைக் கோட்டைவிட்ட ஆட்டம். கிளீவ்லாந்து கேவலியர்ஸ் 93, வாரியர்ஸ் 89.

படி 1: எந்த விதியில் ஆடிய ஆட்டம் என்று பாருங்கள்

என்பிஏ ஆட்டம் 12 நிமிடக் குவார்ட்டர் நான்கு, மொத்தம் 48 நிமிடம். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதியில் 10 நிமிடக் குவார்ட்டர் நான்கு, 40 நிமிடம். நேரு உள்விளையாட்டு அரங்கில் நீங்கள் பார்க்கும் தேசியப் போட்டியும், சென்னை ஹீட் அணி ஆடிய இந்திய லீகான ஐஎன்பிஎல்லும் இரண்டாவது வகை. 40 நிமிடத்தில் 20 புள்ளி எடுத்தவரையும் 48 நிமிடத்தில் 20 எடுத்தவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஃபவுல் கட்டத்தைப் படிக்கவும் இது தேவை. என்பிஏவில் ஆறாவது ஃபவுலில் வெளியே போக வேண்டும், ஃபீபாவில் ஐந்தாவதில். பெஞ்சில் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்த ஒரு நல்ல ஆட்டக்காரரின் வரியில் ஃபவுல் 4 என்று இருந்தால், கோச் அவரை ஏன் உள்ளே அனுப்பவில்லை என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

நிமிடங்களைக் கூட்டிப் பார்க்கும் ஒரு சின்ன சோதனையும் உண்டு. ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஆடுவதால் ஓர் அணியின் நிமிடக் கூட்டுத்தொகை என்பிஏவில் 240, ஃபீபாவில் 200. கூடுதல் நேரம் ஐந்து நிமிடம் போனால் 25 கூடும். மொத்தம் 265 என்று பார்த்தால் ஆட்டம் ஒரு முறை கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். பெயருக்கு எதிரே டிஎன்பி என்று இருந்தால் அவர் கோர்ட்டில் கால் வைக்கவே இல்லை.

படி 2: ஷாட் கட்டங்களைச் சரியாகப் படியுங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கேவலியர்ஸ் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் அன்றைய வரி: எஃப்ஜி 9–24, 3பி 1–5, எஃப்டி 8–10, புள்ளி 27.

எஃப்ஜி என்பது ஃபீல்டு கோல், அதாவது ஆட்டத்தின் ஓட்டத்தில் எடுத்த எல்லா ஷாட்டும். 24 ஷாட் எடுத்தார், 9 உள்ளே போனது. அடுத்திருக்கும் 3பி, அதாவது வளைகோட்டுக்கு வெளியே இருந்து எடுக்கும் மூன்று புள்ளி ஷாட்டான த்ரீயின் கணக்கு, இதற்கு வெளியே இல்லை; அந்த 1–5 இந்த 9–24க்குள்ளேயே அடக்கம். எஃப்டி, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி மதிப்புள்ள ஃப்ரீ த்ரோ மட்டும்தான் தனிக் கணக்கு. ஆகவே புள்ளியைச் சரிபார்க்க, உள்ளே போன ஷாட்டை இரண்டால் பெருக்கி, உள்ளே போன த்ரீயை ஒரு முறை கூட்டி, ஃப்ரீ த்ரோவைச் சேர்க்க வேண்டும்: 18 + 1 + 8 = 27. இந்தக் கணக்கு எந்தப் பாக்ஸ் ஸ்கோரிலும் பொருந்தியாக வேண்டும். பொருந்தவில்லை என்றால் தப்பு உங்களுடையது அல்ல, பட்டியலுடையது.

இங்கே ஒரு நுணுக்கம். ஷாட் எடுக்கும்போது ஃபவுல் வாங்கி, பந்தும் உள்ளே போகவில்லை என்றால், அது ஷாட் கணக்கிலேயே வராது. ஃப்ரீ த்ரோ மட்டும்தான் பதிவாகும். பந்து உள்ளே போய்விட்டால் ஷாட்டும் கணக்கு, கூடவே ஒரு ஃப்ரீ த்ரோவும். அதனால் கூட்டத்துக்குள் புகுந்து அடிபட்டே ஆடுபவரின் ஷாட் எண்ணிக்கை, அவர் நிஜமாகச் செய்த முயற்சிகளைவிடக் குறைவாகத் தெரியும். எஃப்டி கட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம்.

படி 3: ஆட்டக்காரர்களுக்கு முன்னால் அணியின் மொத்த வரி

பட்டியலின் அடியில் இருக்கும் மொத்தத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. நான் அங்கேதான் தொடங்குவேன். அந்த ஏழாவது ஆட்டத்தின் இரண்டு மொத்த வரிகள் இதோ.

கேவலியர்ஸ்: ஷாட் 33–82, த்ரீ 6–25, ஃப்ரீ த்ரோ 21–25, புள்ளி 93
வாரியர்ஸ்: ஷாட் 32–83, த்ரீ 15–41, ஃப்ரீ த்ரோ 10–13, புள்ளி 89

முதல் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. 40 சதவீதத்தை ஒட்டி ஒன்று, 39 சதவீதத்தை ஒட்டி இன்னொன்று. ஆனால் த்ரீயைப் பாருங்கள்: 15க்கு எதிரே 6. ஒன்பது த்ரீ அதிகமாகப் போட்ட அணி, அதுவும் சொந்த ஊரில், எப்படித் தோற்றது? ஒரு பாக்ஸ் ஸ்கோரில் இப்படி ஒரு கேள்வி எழுந்துவிட்டால் மீதியைப் படிப்பது துப்பறிவது போல ஆகிவிடும்.

இதற்குப் பதில் தேட இரண்டு கணக்கு போதும். முதலாவது, த்ரீக்கு உரிய மதிப்பைக் கொடுத்த ஷாட் சதவீதம். ஒரு த்ரீ ஒன்றரை சாதா ஷாட்டுக்குச் சமம் என்பதால், உள்ளே போன ஷாட்டோடு உள்ளே போன த்ரீயில் பாதியைக் கூட்டி, எடுத்த ஷாட்டால் வகுக்க வேண்டும். அமெரிக்கப் பட்டியல்களில் இதை ஈஎஃப்ஜி என்று போடுவார்கள்.

கேவலியர்ஸ்: (33 + 3) ÷ 82 = 43.9 சதவீதம்
வாரியர்ஸ்: (32 + 7.5) ÷ 83 = 47.6 சதவீதம்

ஷாட் அடிப்பதில் வாரியர்ஸ்தான் மேல். அப்படியானால் கேவலியர்ஸ் வேறு எங்கோ ஈடுகட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கில் ஃப்ரீ த்ரோவும் சேரும். எடுத்த ஷாட்டோடு, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கிக் கூட்டினால், அந்த அணி புள்ளி எடுக்கப் பயன்படுத்திய வாய்ப்புகள் கிடைக்கும். ஏன் 0.5 இல்லை, 0.44? இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்தால் ஒரு வாய்ப்பு என்பது பொதுவான நிலைமை. ஆனால் கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைப்பது, த்ரீ எடுக்கும்போது ஃபவுலானால் கிடைக்கும் மூன்று என்று விதிவிலக்குகள் உண்டு. அவற்றையெல்லாம் சராசரியாக்கினால் 0.44க்குப் பக்கத்தில் வருகிறது.

கேவலியர்ஸ்: 82 + (0.44 × 25) = 93 வாய்ப்பு, 93 புள்ளி
வாரியர்ஸ்: 83 + (0.44 × 13) = 88.7 வாய்ப்பு, 89 புள்ளி

இரண்டு அணியும் ஒரு வாய்ப்புக்கு ஒரு புள்ளி என்றே எடுத்திருக்கின்றன. திறமையில் துளி வித்தியாசம் இல்லை. நான்கு வாய்ப்பு அதிகம் கிடைத்த அணி நான்கு புள்ளியில் வென்றது. ஷாட் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம் என்பதால், அந்தக் கூடுதல் வாய்ப்புகள் ஃப்ரீ த்ரோ கோட்டில் இருந்துதான் வந்தன: 25க்கு எதிரே 13. கடைசி நிமிடத்தில் கேவலியர்ஸின் கைரி இர்விங் அடித்த த்ரீயும், அதற்குக் கொஞ்சம் முன்னால் வாரியர்ஸின் இகுவோடாலா கூடைக்கு அருகில் போய்ப் போட்ட லே-அப்பை லெப்ரான் துரத்தி வந்து பலகையில் அறைந்ததும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கடைசி நிமிடம் வரை ஆட்டத்தைச் சமமாக வைத்திருந்தது அந்தப் பதினோரு கூடுதல் ஃப்ரீ த்ரோ புள்ளிகள்.

டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர ஆய்வாளர் இந்த மாதிரி யோசனைகளை நான்கு காரணிகளாகத் தொகுத்தார். ஷாட்டின் தரம், டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது), தாக்குதல் ரீபவுண்ட் (தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் திரும்பப் பிடிப்பது), ஃப்ரீ த்ரோ. அவர் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15 சதவீதம். பெரும்பாலான ஆட்டங்களில் முதல் இரண்டைப் பார்த்தாலே வென்றது யார் என்று சொல்லிவிடலாம். நம் ஏழாவது ஆட்டத்தில் கடைசி இடத்தில் இருக்கும் 15 சதவீதக்காரர்தான் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தார்.

படி 4: இப்போது தனி ஆட்டக்காரர்கள்

அணி வரியைப் பார்த்த பிறகு ஆட்டக்காரர்களிடம் வந்தால், யாரைத் தேடுவது என்று தெரிந்தே வருவோம். வாரியர்ஸின் ஷாட் 39 சதவீதத்துக்குக் கீழே போனது யாரால்?

டிரேமண்ட் கிரீன் 11–15. அதில் த்ரீ 6–8, ஃப்ரீ த்ரோ 4–4, புள்ளி 32. கூடவே 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்). தோற்ற அணியில் இருந்ததால் இந்த வரியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இதைவிடச் சிறப்பாக ஆடியவர்கள் மிகக் குறைவு என்பது என் கருத்து.

இப்போது அவரை அணி மொத்தத்தில் இருந்து கழியுங்கள். 32–83இல் 11–15 போனால் மீதி 21–68. அதாவது மற்ற எல்லோரும் சேர்ந்து 31 சதவீதம். ஸ்டெஃப் கரி 6–19, கிளே தாம்ப்சன் 6–17. இருவரும் சேர்த்து 24 த்ரீ எடுத்து ஆறுதான் போட்டார்கள். அந்த சீசனில் 402 த்ரீ போட்டு, ஒருமனதாக எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர், ஆனவர் கரி. ஒருவரை மொத்தத்தில் இருந்து கழித்துப் பார்க்கும் இந்த வித்தையைப் பழகிக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை, ஆனால் நிறையக் கதை சொல்லும்.

தனி ஆட்டக்காரரின் சிக்கனத்தை அளக்க, படி 3இன் இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். புள்ளியை, பயன்படுத்திய வாய்ப்பின் இரு மடங்கால் வகுத்தால் வருவது டிஎஸ், அதாவது ட்ரூ ஷூட்டிங் சதவீதம். அன்றைக்கு லெப்ரான் 47.5, இர்விங் 52.5, கரி 43.7, கிரீன் 95.5. இப்போதைய என்பிஏ சராசரி 57, 58ஐ ஒட்டி இருக்கிறது.

அப்படியானால் 47.5 வைத்திருந்த லெப்ரான் மோசமாக ஆடினாரா? இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ட்ரிபிள்-டபுள் (மூன்று கட்டத்தில் இரட்டை இலக்கம்) எடுத்தவர்களில் அவர் மூன்றாமவர். 1969இல் ஜெர்ரி வெஸ்ட், 1988இல் ஜேம்ஸ் வொர்தி. எதிரணி மொத்தமும் அவரையே குறிவைக்கும்போது, கடிகாரம் முடியப்போகும் கஷ்டமான ஷாட்டுகள் அவர் கையில்தான் வந்து விழும். அவர் எடுக்காவிட்டால் அந்த ஷாட்டை வேறு யாராவது இன்னும் மோசமாக எடுப்பார்கள். சிக்கனம் மட்டும் பார்த்தால், கூடைக்கு அடியிலேயே நின்று மூன்று ஷாட் எடுத்து மூன்றும் போட்ட சென்டர்தான் எப்போதும் சிறந்த ஆட்டக்காரர் ஆவார். சுமையையும் சிக்கனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டும் ஒன்றுசேரும் நாட்கள் அபூர்வம். 2006 ஜனவரி 22 அன்று டொராண்டோவுக்கு எதிராக கோபி பிரையன்ட் எடுத்த 81 புள்ளி: ஷாட் 28–46, த்ரீ 7–13, ஃப்ரீ த்ரோ 18–20. டிஎஸ் 73.9. நாற்பத்தாறு ஷாட் எடுத்தும் இந்தச் சதவீதம். 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் எடுத்த 100 புள்ளியோ 36–63, ஃப்ரீ த்ரோ 28–32, டிஎஸ் 64.9. 2016 டிசம்பரில் கிளே தாம்ப்சன் 29 நிமிடம் மட்டுமே ஆடி 60 எடுத்தார், 21–33. டிஎஸ் 79.3. எண் பெரியது எது என்று கேட்டால் ஒரு பதில், வாய்ப்பை வீணாக்காமல் ஆடியவர் யார் என்று கேட்டால் வேறு பதில்.

படி 5: ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், டர்ன்ஓவர்

ரீபவுண்டை மொத்தமாகப் பார்க்காதீர்கள். தாக்குதல் ரீபவுண்ட் ஒரு புது வாய்ப்பைப் பெற்றுத் தருகிறது. தற்காப்பு ரீபவுண்ட் எதிரணியின் வாய்ப்பை முடித்துவைக்கிறது. எதிரணி நிறைய ஷாட்டைத் தவறவிட்டால் உங்கள் தற்காப்பு ரீபவுண்ட் தானாகவே ஏறும், அதில் பெரிய பெருமை இல்லை. தாக்குதல் ரீபவுண்டை இப்படி அளங்கள்: நம்முடையது 10, எதிரணியின் தற்காப்பு ரீபவுண்ட் 25 என்றால், நாம் தவறவிட்ட 35இல் 10ஐத் திரும்பப் பிடித்திருக்கிறோம். 28.6 சதவீதம், நல்ல எண்.

ஸ்டீல் என்பது எதிரணியிடம் இருந்து பந்தைப் பறிப்பது; அது ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டர்ன்ஓவர் இருக்கும். ஆனால் எல்லா டர்ன்ஓவரும் ஸ்டீல் ஆகாது: காலடி தப்பினால், பந்து வெளியே போனால், ஷாட் எடுக்கத் தரும் 24 விநாடி தீர்ந்தால் யாருக்கும் ஸ்டீல் கிடையாது. என்பிஏ ஸ்டீலையும் பிளாக்கையும் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) எண்ணத் தொடங்கியது 1973–74 சீசனில்தான். அதற்கு முன்பே ஆடி ஓய்வுபெற்ற பில் ரஸ்ஸலின் பிளாக் எத்தனை என்று யாராவது உறுதியாக ஒரு எண் சொன்னால், அது அதிகாரபூர்வக் கணக்கு அல்ல.

அசிஸ்ட் மட்டும் கொஞ்சம் வழுக்கும் விஷயம். கூடைக்கு நேரடியாக வழிவகுத்த பாஸ் என்பது விதி. வழிவகுத்ததா இல்லையா என்று தீர்மானிப்பது மேசையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். ஃபீபா கணக்கில், பாஸ் வாங்கியவர் ஷாட் எடுக்கும்போது ஃபவுல் ஆகி, ஒரு ஃப்ரீ த்ரோவாவது போட்டால் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டு. என்பிஏவில் கிடையாது. ஒரே ஆட்டக்காரரின் லீக் அசிஸ்டையும் நாட்டு அணிக்கான அசிஸ்டையும் ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம்.

இரட்டை இலக்கம் மூன்று கட்டத்தில் வந்தால் ட்ரிபிள்-டபுள். அதன் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் மோகம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. 2003இல் கிளீவ்லாந்தின் ரிக்கி டேவிஸ் ஒரே ஒரு ரீபவுண்ட் குறைகிறது என்று, ஆட்டம் முடியும் நேரத்தில் தன் அணியின் கூடையிலேயே வேண்டுமென்றே எறிந்து பந்தைப் பிடித்தார். அது கணக்கில் சேரவில்லை, அணி அபராதம் போட்டதுதான் மிச்சம். எண்ணுக்காக ஆடினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மாறாக, 2017 பிப்ரவரியில் மெம்ஃபிஸுக்கு எதிராக டிரேமண்ட் கிரீன் எடுத்த ட்ரிபிள்-டபுளைப் பாருங்கள்: 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 10 ஸ்டீல், புள்ளி வெறும் 4. புள்ளி இரட்டை இலக்கம் ஆகாமல் ட்ரிபிள்-டபுள் எடுத்த முதல் ஆள் அவர்தான். வலது ஓரத்தை மட்டும் பார்ப்பவர் அன்று அவர் மோசமாக ஆடினார் என்று நினைத்திருப்பார்.

படி 6: பிளஸ்-மைனஸை நம்புங்கள், ஆனால் முழுசாக அல்ல

ஒருவர் கோர்ட்டில் இருந்த நேரத்தில் அவருடைய அணி எத்தனை புள்ளி முன்னேறியது அல்லது பின்தங்கியது என்பதுதான் பிளஸ்-மைனஸ். ஏழாவது ஆட்டத்தில் கேவலியர்ஸின் கெவின் லவ் எடுத்தது 9 புள்ளி. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அவரைக் கடந்துபோயிருப்போம். ஆனால் 14 ரீபவுண்ட், பிளஸ்-மைனஸில் +19. அணி வென்றதே நான்கு புள்ளியில். அவர் கோர்ட்டில் இருந்தபோது பத்தொன்பது மேலே, அவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது பதினைந்து கீழே.

இதற்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு. ஓர் அணியின் எல்லா ஆட்டக்காரர்களின் பிளஸ்-மைனஸையும் கூட்டினால், வெற்றி வித்தியாசத்தின் ஐந்து மடங்கு வர வேண்டும். நான்கு புள்ளி வெற்றிக்கு +20.

ஓர் ஆட்டத்து பிளஸ்-மைனஸ் மட்டும் எதையும் நிரூபிக்காது. கூட ஆடிய நால்வர் யார், எதிரே நின்ற ஐவர் யார் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். எதிரணியின் முதல் ஐவர் ஓய்வெடுக்கும்போதே உள்ளே வரும் மாற்று ஆட்டக்காரருக்கு அழகான பிளஸ் கிடைக்கும். ஆனால் ஸ்கிரீன் போடுவது (சக ஆட்டக்காரருக்காக எதிராளியின் வழியை மறித்து நிற்பது), சரியான இடத்தில் நின்று எதிராளியைத் திருப்பிவிடுவது, கூடைக்கு முந்தைய பாஸுக்கு முந்தைய பாஸ் போன்ற வேலைகள் வேறு எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஏறினால் இங்கேதான் ஏறும். ஆகவே ஒரு மாதம், இரண்டு மாதம் சேர்த்துப் பாருங்கள். பத்து ஆட்டமாக எண்ணுக்கு மேல் எண் பிளஸ்ஸாகவே வருகிறவரிடம் ஏதோ இருக்கிறது.

படி 7: ஆட்டத்தின் வேகத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்

1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. என்பிஏ வரலாற்றிலேயே குறைந்த ஸ்கோர். லேக்கர்ஸின் 18இல் 15 ஜார்ஜ் மைக்கனுடையது. தற்காப்பு அபாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பிஸ்டன்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதுதான் நடந்தது. அதைத் தடுக்கத்தான் 1954இல் 24 விநாடிக் கடிகாரம் வந்தது. சைரகியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் போட்ட கணக்கு எளிமையானது: 48 நிமிடம் என்பது 2,880 விநாடி, ரசிக்கும்படியான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எடுக்கின்றன, வகுத்தால் 24.

இன்றும் மெதுவாக ஆடும் அணி உண்டு, ஓடி ஆடும் அணி உண்டு. 110 புள்ளி கொடுத்த தற்காப்பு, 95 கொடுத்த தற்காப்பைவிட நல்லதாகவும் இருக்கலாம். அதனால் பந்து கைக்கு வந்த முறைகளைக் கணக்கிடுவது வழக்கம்: எடுத்த ஷாட் + (0.44 × ஃப்ரீ த்ரோ) − தாக்குதல் ரீபவுண்ட் + டர்ன்ஓவர். உள்ளூர் ஆட்டம் ஒன்றில் ஷாட் 62, ஃப்ரீ த்ரோ 18, தாக்குதல் ரீபவுண்ட் 10, டர்ன்ஓவர் 14 என்று வைத்துக்கொள்வோம். 62 + 8 − 10 + 14, ஆக 74 முறை. அணி எடுத்தது 78 புள்ளி என்றால், 100 முறைக்கு 105. இந்த 105ஐ எந்த லீகின் எந்த ஆட்டத்தோடும் தைரியமாக ஒப்பிடலாம்.

படி 8: இந்திய, ஐரோப்பியப் பட்டியல்களில் கூடுதலாக என்ன?

ஃபீபா மென்பொருளில் இருந்து வரும் பட்டியலில், செய்த ஃபவுலோடு வாங்கிய ஃபவுலும் இருக்கும். மிகப் பயனுள்ள கட்டம். எதிரணி யாரைக் கண்டு பயந்தது என்று அது சொல்லும். ஓரத்தில் ஈஎஃப்எஃப் என்று ஒரு மொத்த மதிப்பெண் வரும்: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றையும் கூட்டி, தவறவிட்ட ஷாட், தவறவிட்ட ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவர் ஆகியவற்றைக் கழிப்பது. ஒரு பார்வைக்கு வசதி, அவ்வளவுதான். ஒரு தற்காப்பு ரீபவுண்டும் ஒரு ஸ்டீலும் ஒரே மதிப்பு என்று வைக்கும் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 9: நீங்களே எடுத்துப் பாருங்கள்

இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேகமான வழி, ஓர் ஆட்டத்துக்குக் கணக்கெழுதுவது. சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி க்ரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். அந்த வழியில் வந்த ஊர் இது. ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை அணிகள், கல்லூரி அணிகள் என்று ஆட்டத்துக்குக் குறைவே இல்லை. பல உள்ளூர்ப் போட்டிகளில் மேசையில் ஸ்கோர் ஷீட் மட்டும்தான் இருக்கும்: புள்ளி, ஃபவுல், டைம்-அவுட். ரீபவுண்டையும் டர்ன்ஓவரையும் எழுத ஆளிருக்காது. அந்த இடத்தில்தான் நீங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கோர்ட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் தலை நிமிராமல் எழுத வேண்டும். "7, த்ரீ, மிஸ். ரீபவுண்ட் 11, டிஃபென்ஸ்." ஒரே ஆள் இரண்டையும் செய்தால் வேகமான எதிர்த்தாக்குதலில் மூன்று நிகழ்வு காணாமல் போகும். முதல் தடவை ஒரே ஓர் அணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

தாளில் ஆட்டக்காரர் எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எடுத்த ஷாட்டுக்கு 2 அல்லது 3 என்று எழுதி, உள்ளே போனால் வட்டம் போடுங்கள். ஃப்ரீ த்ரோவுக்கு 1, போனால் வட்டம். ரீபவுண்டைத் தாக்குதல், தற்காப்பு என்று இரண்டு கட்டமாகப் பிரித்து, மீதிக்கெல்லாம் கோடு கிழித்தால் போதும். பேனா வேண்டாம், பென்சில். மே மாதத்து வியர்வையில் மையெல்லாம் கையோடு வந்துவிடும். பிளஸ்-மைனஸ் வேண்டும் என்றால், ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் ஸ்கோரையும் மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், மீதியை வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

ஆட்டம் முடிந்ததும் மேசைக்குப் போய் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டோடு புள்ளியை ஒத்துப் பாருங்கள். அப்புறம் மற்ற சோதனைகள்: நிமிடம் எழுதியிருந்தால் 200 வருகிறதா? உங்கள் அணியின் ஸ்டீல், எதிரணியின் டர்ன்ஓவரைத் தாண்டவில்லையே? நீங்கள் தவறவிட்ட ஷாட்டுகளும், ஆட்டம் தொடர்ந்த கடைசி ஃப்ரீ த்ரோ தவறுகளும் சேர்ந்து, உங்கள் தாக்குதல் ரீபவுண்டும் எதிரணியின் தற்காப்பு ரீபவுண்டும் சேர்ந்த தொகைக்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு மூன்று குறைந்தால் பரவாயில்லை; ரீபவுண்ட் யார் கையிலும் படாமல் வெளியே போனால் அது அணியின் கணக்கு. பத்து குறைந்தால் கூப்பிட்டுச் சொன்னவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தாளைப் படமெடுத்து இரண்டு கோச்சுகளுக்கும் அனுப்பிவிடுங்கள், அடுத்த ஆட்டத்துக்கு அவர்களே உங்களுக்கு மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைப்பார்கள்.